கடல் கடந்து வந்த தோட்டக்காரர்கள்: உழவர் கற்க வேண்டியது என்ன?

மதுரை மாட்டுத்தாவணி என்றால் இன்றைய தலைமுறைக்கு நினைவுக்கு வருவது பேருந்து நிலையமும், பூ மார்க்கெட்டும், காய்கறி மார்க்கெட்டும்தான். ஆனால் அது மாட்டுச் சந்தையால் பெயர் பெற்ற இடம் என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். சந்தையில் மாடு பிடிக்கும் விவசாயி எடுத்த எடுப்பில் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. வாயைப் பிரித்துப் பல்லை எண்ணுவார். குளம்பைத் தட்டுவார். சுழி பார்ப்பார். நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பார். துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்து விலை பேசுவது அதற்குப் பிறகுதான்.

அதே விவசாயி சாலையோர நர்சரியில் பளபளவென்று இலை விரித்து நிற்கும் ஒரு புதுச் செடியைக் கண்டால் என்ன செய்கிறார்? "அண்ணே, இது வெளிநாட்டுச் செடி. ஓட்டல்காரங்க, பிளாட் போடுறவங்க எல்லாம் இதைத்தான் கேக்குறாங்க. நூறு செடி வச்சீங்கன்னா ரெண்டே வருசத்துல போட்ட பணம் வந்துரும்" என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்டு, வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறார். தாய்ச்செடி எது, வேர் எப்படி இருக்கிறது, கோடையில் எவ்வளவு தண்ணீர் கேட்கும், வாங்கப்போவது யார் என்ற கேள்விகள் எழுவதே இல்லை.

மதுரையைச் சுற்றி இன்று வீட்டுமனைகளும், தங்கும் விடுதிகளும், கல்லூரி வளாகங்களும் பெருகிவிட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பூங்கா வேண்டும். பூங்காவுக்குச் செடி வேண்டும். இது சிறு விவசாயிக்கு வருமானமாகவும் வரலாம். கடனாகவும் வந்து சேரலாம். எதுவாக வரும் என்பது செடியைச் சோதித்துப் பார்க்கும் பழக்கத்தைப் பொறுத்தது. அந்தப் பழக்கத்தைக் கற்க, கடல் கடந்து நம் நாட்டுக்கு வந்து தோட்டம் அமைத்த சிலருடைய வாழ்க்கையையும் வேலையையும் அறிந்துகொள்வது பயன் தரும். வெள்ளைக்காரர் போட்ட பூங்காவுக்கும் ஒன்றரை ஏக்கர் மல்லிகைத் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் உண்டு.

ஊட்டியில் முதலில் நடந்தது வடிகால் வேலை

உதகமண்டலம் அரசு தாவரவியல் பூங்காவைப் பார்க்காத மதுரைக்காரர்கள் குறைவு. அந்தப் பூங்காவின் தொடக்கம் பூச்செடி அல்ல, காய்கறி. 1840-களில் ஊட்டியில் குடியிருந்த ஐரோப்பியர்கள் தங்களுக்கு நியாயமான விலையில் காய்கறி கிடைக்க வேண்டும் என்பதற்காகச் சந்தா போட்டு ஒரு தோட்டம் வைத்தார்கள். அது நீடிக்கவில்லை. பிறகு ஒரு பொதுத் தோட்டமாகவே அமைக்க முடிவு செய்து, இங்கிலாந்திலுள்ள கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து தேர்ச்சி பெற்ற ஒரு தோட்டக்காரரை வரவழைத்தார்கள். 1848-ல் வந்த அவர் பெயர் வில்லியம் கிரஹாம் மெக்கைவர்.

தொட்டபெட்டா மலையின் அடிச்சரிவில் அவருக்குக் கிடைத்த இடம் மேலே காடும், கீழே சதுப்புமாக இருந்தது. மெக்கைவர் செடிகளை வாங்கி வந்து நட்டுவிடவில்லை. சரிவைப் படிகளாக வெட்டி, தேங்கிய நீரை வடித்து, மண்ணை ஒழுங்குபடுத்திப் பாதைகள் அமைத்த பிறகே நடவு நடந்தது. பூங்கா ஓர் உருவத்துக்கு வரப் பத்து ஆண்டுகள் வரை பிடித்தன. இன்று ஏறத்தாழ 55 ஏக்கர் பரப்பில் நாம் பார்க்கும் புல்வெளிகளும் படித்தளங்களும் அந்த அடிப்படையின் மேல் நிற்பவை.

1860-க்குப் பிறகு, மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொயினா தரும் சின்கோனா மரங்கள் தென் அமெரிக்காவிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றை வளர்க்கும் பொறுப்பும் மெக்கைவரிடமே வந்தது. மருந்து இருப்பது மரப்பட்டையில். மரத்தை வெட்டிப் பட்டை உரித்தால் மரம் போய்விடும். மெக்கைவர் பட்டையை நீளவாக்கில் கீற்றுக் கீற்றாக உரித்தெடுத்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடிக் கட்டும் முறையைக் கையாண்டார். பாசியின் ஈரத்தில் புதுப்பட்டை வளர்ந்தது, மரமும் பிழைத்தது. மரத்தைக் கொல்லாமல் அதனிடமிருந்து பயன் பெறும் இந்த வழி, புத்தகத்தில் இருந்ததல்ல. நாள்தோறும் மரத்தருகே நின்று பார்த்த ஒருவருக்குத் தோன்றியது. மெக்கைவர் 1876-ல் ஊட்டியிலேயே காலமானார். சொந்த ஊர் திரும்பவில்லை.

இவருடைய வேலையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் எளியது. முதலில் நீர், அடுத்து மண், அதன் பிறகே செடி. வடிகால் இல்லாத களிமண்ணில் மல்லிகைப் பதியன் வைத்து, இலை மஞ்சளித்த பிறகு மருந்துக் கடைக்கு ஓடும் விவசாயிகள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

சௌசௌ வந்த வழி

மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை மூட்டையாக இறங்கும் சௌசௌவைப் பலர் பெங்களூர் கத்திரிக்காய் என்றும் அழைக்கிறார்கள். அந்தப் பெயரில் ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இந்தக் கொடியை நம் பக்கத்தில் பரப்பியவராகக் குறிப்பிடப்படுபவர், பெங்களூர் லால்பாக் பூங்காவுக்கு 1874-ல் பொறுப்பேற்ற ஜான் கேமரன். இவரும் கியூ பூங்காவில் பயிற்சி பெற்றவர்தான். 1760-ல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக்கில், வெளிநாடுகளிலிருந்து வரும் செடிகளை வைத்து வளர்த்து, இந்த மண்ணுக்கும் வெயிலுக்கும் ஒத்துவருகிறதா என்று பார்த்த பிறகு வெளியே கொடுக்கும் வழக்கம் வேரூன்றியது. திண்டுக்கல் மாவட்டத்து மலையடிவாரங்களில் பந்தல் போட்டுச் சௌசௌ பயிரிட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அந்தப் பூங்காவின் சோதனைப் பாத்தி மறைமுகமாகச் சோறு போட்டிருக்கிறது எனலாம்.

கேமரனுக்குப் பின், 1908-ல் லால்பாக்குக்கு வந்தவர் குஸ்டாவ் ஹெர்மன் க்ரும்பிகல். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகருக்கு அருகில் 1865-ல் பிறந்தவர். கியூ பூங்காவில் வேலை பார்த்துவிட்டு, 1893-ல் பரோடா மகாராஜாவின் தோட்டப் பணிக்காக இந்தியா வந்தார். பிறகு மைசூர் சமஸ்தானம் அவரை அழைத்துக்கொண்டது. 1932 வரை லால்பாக் அவர் பொறுப்பில் இருந்தது. கிருஷ்ணராஜசாகர் அணைக்குக் கீழே படிப்படியாக அமைந்த பிருந்தாவனம் தோட்டத்தின் வடிவமைப்பிலும் அவருக்குப் பங்கு உண்டு.

பெங்களூர் சாலைகளில் ஒரு வகை மரம் பூத்து ஓயும்போது அடுத்த வகை பூக்கத் தொடங்கும்படி மரங்களைத் தேர்ந்தெடுத்து நட்டவர் என்று அவரைச் சொல்வார்கள். இதற்குத் தேவைப்படுவது பெரிய வித்தை அல்ல. எந்த மரம் எந்த மாதத்தில் மொட்டு விடுகிறது, எத்தனை நாள் பூக்கிறது என்று ஆண்டுதோறும் பார்த்து எழுதி வைக்கும் பொறுமை. பூ விவசாயிக்கு இதைவிடப் பெரிய பாடம் இல்லை. பங்குனி, சித்திரையில் மல்லிகை குவிந்து விலை சரிவதும், மார்கழி, தையில் வரத்து சுருங்கி விலை ஏறுவதும் மதுரையில் ஒவ்வோர் ஆண்டும் நடப்பது. நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்ய வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. ஆனால் தம் வயலில் கவாத்து செய்த நாளையும், முதல் பூ எடுத்த நாளையும், அன்றைய விலையையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கும் விவசாயிகள் எத்தனை பேர்? மூன்று ஆண்டுக் குறிப்பு கையில் இருந்தால், எந்தப் பாத்தியை முன்னால் கவாத்து செய்யலாம், எதைப் பின்னால் தள்ளலாம், மல்லி இல்லாத மாதத்துக்குச் சம்பங்கியோ செவ்வந்தியோ எவ்வளவு வைக்கலாம் என்பதை விவசாயியே முடிவு செய்யலாம். வியாபாரியின் வாயைப் பார்த்து நிற்க வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது, அத்தனை ஆண்டுகள் இந்த மண்ணில் உழைத்த க்ரும்பிகல், ஜெர்மானியர் என்ற ஒரே காரணத்துக்காகக் காவலில் வைக்கப்பட்டார். ஆனாலும் அவர் இந்த நாட்டை விட்டுப் போகவில்லை. 1956-ல் பெங்களூரிலேயே காலமானார். லால்பாக்கை ஒட்டிய ஒரு சாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இங்கே கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. 1932-ல் அவருக்குப் பின் அந்தப் பொறுப்புக்கு வந்தவர் எச். சி. ஜவராயா என்ற இந்தியர். பின்னர் எம். எச். மரிகவுடா வந்தார். பூங்காவைப் பூங்காவாக மட்டும் பார்க்காமல், நாற்றுப் பண்ணைகள், ஆய்வுக்கூடங்கள், விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றோடு இணைத்துப் பார்த்தவர் மரிகவுடா. 1959-ல் அவருடைய முயற்சியால் திராட்சை விவசாயிகளுக்காகத் தொடங்கப்பட்ட கூட்டுறவுச் சங்கமே பின்னர் பழம், காய்கறி அனைத்தையும் விற்கும் ஹாப்காம்ஸ் அமைப்பாக வளர்ந்தது. அரசர்கள் உலாவிய தோட்டத்திலிருந்து விவசாயிகளின் விற்பனைச் சங்கம் வரை ஒரே பாதை நீண்டது என்பது குறிப்பிடத்தக்கது. வெளியே இருந்து வந்தவர் போட்ட அடித்தளத்தை உள்ளூர்க்காரர் உழவனுக்குப் பயன்படும்படி திருப்பினார்.

பலகையில் பெயர் இல்லாதவர்கள்

இந்தப் பூங்காக்களின் வரலாற்றைப் படித்தால் வந்தவர்களின் பெயர்கள்தான் கிடைக்கின்றன. சரிவை வெட்டியவர்கள், பாத்தி கட்டியவர்கள், பனியிலும் மழையிலும் நாற்றுக்கு மூடாக்குப் போட்டவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. கியூவில் எத்தனை ஆண்டு படித்திருந்தாலும் ஊட்டிப் பனி எந்த மாதத்தில் இறங்கும், பெங்களூர் மண் எந்த ஈரத்தில் கொத்துக்கு வரும் என்பதை அங்கிருந்த வேலைக்காரர்களிடமிருந்துதான் கற்றிருக்க முடியும். வந்தவர்களைப் புகழும்போது இதை மறந்துவிடக் கூடாது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்றும் ஒரு விடுதிக்குப் பூங்கா அமைக்கும்போது வரைபடம் போடுபவர் பெயரே வெளியே தெரிகிறது. நாற்று கொடுத்த விவசாயி எங்கோ மறைந்துவிடுகிறார். பையில் ஒரு சீட்டும் இல்லாமல், எண்ணிக்கைக்கு இத்தனை ரூபாய் என்று கொடுத்துவிட்டு வந்தால் பெயரும் நிற்காது, விலையும் நிற்காது. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் செடிகளின் பதியன் பெரும்பாலும் வருவது ராமநாதபுரம் மாவட்டம் தங்கச்சிமடத்திலிருந்து. அங்கே மணல் நிலத்தில் வேர் பிடிக்க வைத்து நாற்றாக விற்பதே பல சிறு குடும்பங்களின் தொழில். தங்கச்சிமடத்து நாற்று என்று கேட்டு வாங்குகிறார்கள். பெயர் நின்றதால் தொழில் நின்றது.

பார்க்காமல் கொண்டுவந்ததன் விளைவு

வந்தவர்கள் செய்ததெல்லாம் நன்மை என்று சொல்லிவிட முடியாது. மலைக்காடுகளில் புதராகப் படர்ந்து கிடக்கும் உண்ணிச்செடி, பூவின் அழகுக்காக 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு வந்த செடி. பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்ப, நாடு முழுவதும் காட்டை மூடிவிட்டது. மதுரைச் சுற்றுவட்டாரக் கண்மாய்களில் மடையை அடைத்துக் கிடக்கும் ஆகாயத்தாமரையும் ஊதா நிறப் பூவுக்காகக் குளத்தில் விட்டு வளர்க்கப்பட்டதுதான். அழகுக்காக வந்தது, ஆயக்கட்டு விவசாயியின் தண்ணீருக்குத் தடையாகிவிட்டது. நீலகிரியிலும் பழனி மலையிலும் விறகுக்காகவும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் நடப்பட்ட சீகை மரங்கள் புல்வெளிகளுக்குள் புகுந்து பரவின.

இந்தச் செடிகளைக் கொண்டுவந்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் ஒரு செடி பாத்தியை விட்டு வெளியேறினால் என்ன ஆகும் என்ற கேள்வியை அவர்கள் கேட்கவில்லை. பூங்காவுக்குள் பூவைப் பார்த்தவர் ஒருவர். பூங்காவுக்கு வெளியே களை எடுப்பவர் வேறொருவர். களை எடுக்கும் செலவு எப்போதும் விவசாயியின் தலையில்தான் விழும்.

பிந்தி வந்தவர்கள் கற்றுக்கொண்டது

சுதந்திரத்துக்குப் பிறகும் வெளிநாட்டவர் இங்கே வந்து தோட்ட வேலையில் ஈடுபட்டிருக்கிறார்கள். புதுச்சேரிக்கு அருகே 1968-ல் தொடங்கப்பட்ட ஆரோவில் இதற்கு எடுத்துக்காட்டு. செம்மண் மேடாக, மழைநீர் அரித்த பள்ளங்களோடு கிடந்த நிலம் அது. அங்கே மாத்ரி மந்திர் தோட்டங்களுக்கான நாற்றங்காலை நடத்திய அமெரிக்கர் ரிச்சர்ட் எக்கன்பெர்கர், பிற்காலத்தில் தம் மனைவியோடு சேர்ந்து அரளிக்கும் ஈழத்தலரிக்கும் தனித்தனியே கையேடுகள் எழுதினார். நம் பக்கத்தில் கோயில் பூவாகக் கூடை கூடையாகப் பறிக்கும் அரளிக்கு ஒரு புத்தகமே எழுதும் அளவுக்கு அதைக் கவனித்துப் பார்த்திருக்கிறார் அவர்.

ஆரோவில்காரர்கள் முதலில் வரப்பு கட்டி மழைநீரை நிறுத்தினார்கள். ஆரம்பத்தில் வேகமாக வளரும் ஆஸ்திரேலிய வேல மர வகைகளை நட்டார்கள். நிழல் கிடைத்தது. ஆனால் இந்த மண்ணின் காடு அது அல்ல என்பதை உணர்ந்து, கடற்கரை மாவட்டங்களில் கோயில் காடுகளாக எஞ்சியிருந்த இடங்களிலிருந்து விதை சேகரித்து, உள்ளூர் மரங்களை வளர்க்கத் தொடங்கினார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஜாஸ் புரூக்ஸ் உருவாக்கிய பிச்சாண்டிக்குளம் வனம் இதில் பெயர் பெற்றது. சென்னை அடையாறு முகத்துவாரப் பகுதியில் குப்பை மேடாகிக் கிடந்த 58 ஏக்கர் நிலம் 2011-ல் சுற்றுச்சூழல் பூங்காவாகத் திறக்கப்பட்டதில் இந்தக் குழுவினரின் பங்கு முக்கியமானது. அங்கே நடப்பட்டவை இந்த மண்ணுக்குரிய மரங்களும் செடிகளுமே.

மதுரை விவசாயிக்கு இன்னும் நெருக்கமானது கொடைக்கானல். 1980-களில் இங்கிலாந்திலிருந்து வந்த டான்யா பால்கர், பாப் ஸ்டூவர்ட் தம்பதியினர் வட்டக்கானலில் தங்கி, சோலைக்காட்டு மரங்களின் விதைகளைச் சேகரித்து நாற்றங்கால் போட்டார்கள். பல சோலை மரங்களை நாற்றாக வளர்ப்பது எப்படி என்பதை முளைக்கும் நாட்களைக் கணக்கிட்டுக் கணக்கிட்டுத் தாங்களே கண்டறிய வேண்டியிருந்தது. பழனி மலையின் தெற்குச் சரிவில் இறங்கும் நீர் மஞ்சளாறு, வராக நதி வழியே வைகையைச் சேருகிறது. மேலே சோலை இருந்தால் கோடையிலும் கசிவு இருக்கும். கீழே கிணறு வைத்திருப்பவருக்கு இது அழகுப் பிரச்சினை அல்ல, பிழைப்புப் பிரச்சினை.

ஊட்டிக்கு வந்தவர் காலத்திலிருந்து வட்டக்கானலுக்கு வந்தவர்கள் காலம் வரை ஏறத்தாழ 140 ஆண்டுகள். முன்னவர்கள் வெளிநாட்டுச் செடிகளை இங்கே கொண்டுவந்தார்கள். பின்னவர்கள் நம் நாட்டுச் செடிகளை நமக்கே திருப்பிக் கொடுத்தார்கள். வேப்பங்கொட்டையையும் இலுப்பைக்கொட்டையையும் சிறுவயதிலிருந்தே பொறுக்கிப் பழகிய நம் விவசாயிகளுக்கு இதைச் சொல்ல வெளிநாட்டவர் வர வேண்டியிருந்தது என்பது கொஞ்சம் வருத்தத்துக்குரியதே.

புல்தரையின் தண்ணீர்க் கணக்கு

இன்றைய பூங்காத் திட்டங்களில் பெரும்பாலும் முதலில் இடம்பெறுவது புல்தரை. மழை நாள் மிகுந்த ஐரோப்பிய நாடுகளிலிருந்து வந்த பழக்கம் இது. மதுரையின் ஆண்டு மழை ஏறத்தாழ 850 மி.மீ. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும்.

கணக்கைப் பார்க்கலாம். கோடையில் புல்தரைக்கு நாளொன்றுக்கு 5 மி.மீ. நீர் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், ஒரு சதுர மீட்டருக்கு 5 லிட்டர். ஒரு சென்ட் என்பது 40 சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். ஆகவே சென்டுக்கு 200 லிட்டர். அரை ஏக்கர் புல்தரைக்கு ஒரு நாளைக்கு 10,000 லிட்டர்; ஒரு மாதத்துக்கு 3 லட்சம் லிட்டர். அதே அரை ஏக்கரில் நிலக்கடலை போட்டால், 5 செ.மீ. ஆழத்தில் மூன்று முறை பாய்ச்சுவதற்கு இந்தத் தண்ணீர் போதும். பக்கத்து நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டுப் புல் வளர்த்தால், வற்றுவது விவசாயியின் கிணறுதான்.

பூங்காவே கூடாது என்பது இதன் பொருளல்ல. நிழல் மரமும், உதிர்ந்த இலையை மூடாக்காகக் கொண்ட தரையும், கோடையைத் தாங்கும் பூச்செடிகளும் கொண்ட பூங்காவுக்கு இவ்வளவு தண்ணீர் தேவையில்லை. அத்தகைய பூங்காவுக்கு வேண்டிய செடிகளைத் தரக்கூடியவர்கள் இந்த வட்டாரத்து விவசாயிகளே.

செடிக்குப் பல் பார்ப்பது எப்படி?

பத்து சென்ட் இடமும், வற்றாத ஒரு கிணறும், வீட்டில் இரண்டு பேர் உழைப்பும் இருந்தால் நாற்றங்கால் தொடங்கலாம். வேம்பு, புங்கன், பூவரசு, மகிழம், நாவல், இலுப்பை, புன்னை, சரக்கொன்றை போன்ற மரங்களும், பவளமல்லி, நந்தியாவட்டை, இட்லிப்பூ, செம்பருத்தி போன்ற செடிகளும் பூங்காவுக்கும் சாலையோரத்துக்கும் ஏற்றவை. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்து பையை நிரப்பலாம். வேம்பு, நாவல், இலுப்பை விதைகள் நாள்பட்டால் முளைப்புத்திறன் இழந்துவிடும். பொறுக்கிய சில நாட்களுக்குள் விதைத்துவிட வேண்டும். சரக்கொன்றை விதையின் தோல் கெட்டியானது. நுனியைத் தேய்த்து ஊறவைத்தால்தான் சீராக முளைக்கும்.

விற்பதற்கு வளர்த்தாலும் சரி, நடுவதற்கு வாங்கினாலும் சரி, ஐந்து சோதனைகள் தேவை.

முதலாவது, தாய் எது என்று கேட்க வேண்டும். காய்ப்பும் பூப்பும் கண்ணால் கண்ட தாய்மரத்தின் விதையா, பதியனா என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, வேரைப் பார்க்க வேண்டும். நூறு செடி வாங்குமுன் ஒரு செடியின் பையைக் கிழித்துப் பார்ப்பதில் தவறில்லை. வேர் பைக்குள் வட்டமாகச் சுருண்டிருந்தால் அது நெடுநாள் கிடந்த செடி. நட்டாலும் காற்றுக்கு நிற்காது. வேரில் முடிச்சுகள் இருந்தால் நூற்புழு இருக்கக்கூடும். அது ஒருமுறை தோட்டத்துக்குள் நுழைந்தால் வெளியேற்றுவது கடினம்.

மூன்றாவது, சித்திரை வெயிலில் அந்தச் செடியைப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் எல்லாச் செடியும் அழகாகத்தான் இருக்கும். திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் நிற்பது ஒத்தக்கடைச் செம்மண்ணில் நிற்குமா என்பதையும் பார்க்க வேண்டும். புதிய செடி எதுவானாலும் நான்கைந்து வைத்து இரண்டு கோடை கண்ட பிறகே பெருக்க வேண்டும்.

நான்காவது, அது ஓடுமா என்று பார்க்க வேண்டும். ஆடு மாடு கடிக்காத செடி, பறவை விதை பரப்பும் செடி, துண்டு விழுந்த இடத்தில் வேர்விடும் செடி என்றால் எச்சரிக்கை தேவை. உண்ணிச்செடியும் ஆகாயத்தாமரையும் இந்தச் சோதனையில் தோற்றிருக்கும்.

ஐந்தாவது, வாங்குபவர் யார் என்று பார்க்க வேண்டும். காட்டாமணக்கு வைத்தால் கொட்டையை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். ஈமு வளர்த்தால் நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். 2012-ல் ஈமு நிறுவனங்கள் முடங்கியபோது பறவைக்குத் தீனி வாங்கக்கூடப் பணமில்லாமல் விவசாயிகள் தவித்ததைத் தமிழகம் பார்த்தது. அலங்காரச் செடிக்கும் இதே வலை விரிக்கப்படலாம். எழுத்தில் ஒப்பந்தம், முன்பணம், பக்கத்து ஊரில் ஏற்கெனவே விற்றவர் ஒருவரின் வாய்மொழி ஆகிய மூன்றும் இல்லாமல் பெரிய அளவில் இறங்கக் கூடாது.

இவற்றோடு ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு சீட்டு வைக்க வேண்டும். செடியின் பெயர், விதை எடுத்த ஊர், விதைத்த நாள் ஆகிய மூன்றும் அதில் இருந்தால் போதும். ஐந்தாறு விவசாயிகள் சேர்ந்து ஒரு குழுவாக நின்று, ஆளுக்கு இரண்டு வகை என்று பிரித்துக்கொண்டு வளர்த்தால், பூங்கா அமைப்பவருக்கு வேண்டிய எல்லா வகையும் ஓரிடத்தில் கிடைக்கும். விலையைக் குறைத்துக் கேட்கவும் முடியாது. சந்தேகம் வரும்போது ஒத்தக்கடையை அடுத்துள்ள மதுரை வேளாண்மைக் கல்லூரியையும், வேளாண் அறிவியல் நிலையத்தையும், வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தையும் விவசாயிகள் தயங்காமல் அணுக வேண்டும்.

கடல் கடந்து வந்தவர்கள் எல்லாம் மேதைகளும் அல்ல. எல்லாம் கேடு செய்தவர்களும் அல்ல. செடியை நின்று பார்த்து, எழுதி வைத்து, சோதித்த பிறகு கொடுத்த இடத்தில் அவர்கள் செய்தது நிலைத்தது. பார்க்காமல் கொண்டுவந்து விட்ட இடத்தில் களை மிஞ்சியது. வெளிநாட்டு நிபுணர் சொன்னார் என்பதற்காக ஏற்பதும் வேண்டாம். வெளிநாட்டவர் என்பதற்காக ஒதுக்குவதும் வேண்டாம். மாட்டுச் சந்தையில் யார் மாடு என்று பார்த்தா விவசாயி பல்லை எண்ணினார்? எவர் மாடாக இருந்தாலும் எண்ணினார். அந்தக் கண் இன்னும் மங்கிவிடவில்லை. அதைச் செடியின் பக்கமும் திருப்பினால் போதும்.